ஆறில்லா நாட்டில் ஆற்றுச் சித்திரம்

பள்ளிக்கூடச் சித்திரப் போட்டி நடைபெறும் மண்டபமொன்றில் நுழைந்து, ‘இயற்கைக் காட்சி’ என்னுந் தலைப்பிற் பிள்ளைகள் தீட்டிய தாள்களை வரிசையாகப் பார்த்துச் செல்வோர் ஒன்றைத் தவறாமற் காண்பர். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே எழுகின்ற ஞாயிறு, மலையடியினின்று வளைந்து வளைந்து வருகின்ற ஓர் ஆறு, ஆற்றில் ஒரு பாய்த்தோணி, கரையில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, வானில் நாலைந்து பறவைகள். கண்டியிலோ பதுளையிலோ வாழும் பிள்ளை இதனை வரைந்தால் வியப்பதற்கில்லை. வரைந்தவர்களோ உடுப்பிட்டியிலும் உரும்பிராயிலும் வேலணையிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். மலையைக் கண்ணாற் காணாதவர் அவருட் பலர். வற்றாத ஆறொன்று அவர்கள் பிறந்த குடாநாட்டில் இல்லவே இல்லை.

இதனைக் குழந்தைகளின் குற்றமென்று கூறுதல் தகாது. பெரியோர் எதனைக் ‘காட்சி’ என்று மதிக்கின்றனரோ அதனையே பிள்ளை வரைகின்றது. நாட்காட்டியிலும் பாடப்புத்தகத்திலும் மலையும் ஆறுமே அழகென்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கும்போது, வீட்டுக்குப் பின்னாலுள்ள தரவையும் அதற்கப்பால் மினுங்குகின்ற பரவைக்கடலும் அதன் கண்ணிற் படுவது எங்ஙனம்? ஆனால் இவ்வழக்கத்தால் விளையுங் கேடு சித்திரத் தாளோடு நின்றுவிடவில்லை. குடாநாட்டின் நீர்க்கரைகளைப் பற்றிப் பெரிய தீர்மானங்கள் எடுக்கப்பட்டுவருங் காலம் இது. அக்கரைகளை மனிதர் வாழும் இடமாக நோக்கும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு உண்டென்பது அத்தீர்மானங்களிலே தெரிகின்றது.

நம் நாட்டு நீர் எத்தகையது என்பதை முதலில் நோக்குவோம். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை கல்லின் வெடிப்புக்களால் இறங்கி நிலத்தடியில் தேங்குகின்றது. கிணறுகளும் நிலாவரையும் கீரிமலைக் கேணியும் அதன் வாயில்கள். ஆதலால் மேற்பரப்பில் ஆறு அமையவில்லை. (கீரிமலை என்னும் பெயரில் மலை இருக்கின்றதே என்று கேட்பார்க்கு விடை கூற நான் முன்வரேன்.) ஆற்றுக்கு ஈடாகக் கடல் நாட்டினுள்ளே புகுந்து கிடக்கின்றது. தெற்கே யாழ்ப்பாணக் கடனீரேரி. வடக்கே தொண்டைமானாற்றில் வாய் திறந்து, வடமராட்சியை மற்றப் பகுதிகளினின்றும் பிரித்துத் தென்கிழக்காக நீளும் ஏரி. நடுவே அரியாலைப் பக்கத்திலிருந்து உட்புகும் உப்பாறு. ஆறென்று பெயர் பெற்ற இவ்விரண்டும் ஆறுகளல்ல என்பதை மாணவர் அறிவர்.

ஒரே இடத்தை மாரியிலும் கோடையிலும் கண்டவர்க்கே இந்நீர்ப்பரப்பின் தன்மை விளங்கும். வாடைக்காற்றோடு மழை வந்தபின் நீர் கரையேறிப் புற்றரையை மூடும். அடிவானமும் நீரும் ஒன்றாகிச் சாம்பல் நிறங் கொள்ளும். சோளகம் வீசத் தொடங்கினால் நீர் பின்வாங்கும். சேறு காய்ந்து ஓடு ஓடாக வெடிக்கும். அதன் விளிம்பில் உப்புப் படிந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். கண்டற் செடிகளின் வேர்கள் வெளியே நிற்கும். கரடுமுரடான கரையென்றால் வடக்கே மாவிட்டபுரத்துக்கு அப்பாலுள்ள கற்கரையுண்டு. நெடுந்தீவின் முருகைக்கற் கரையும், முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளும் உண்டு. மணற்காட்டில் காற்றுக் குவித்த மணற்றிடல்களே குடாநாட்டின் மலைகள் என்க.

உண்மையில் ஆறென்று சொல்லத்தக்கது வழுக்கையாறு ஒன்றே. தெல்லிப்பழைப் பக்கத்து மழைநீரைச் சேர்த்துக்கொண்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய் வயல்களினூடே இறங்கி, அராலியிற் கடனீரேரியை அடைகின்றது. மாரியிற் சில கிழமைகள் ஓடும். எஞ்சிய காலத்தில் அதன் படுகையில் மாடு மேயும். வேற்றூரார் அதனைக் கண்டு ‘இதுவா ஆறு?’ என்று நகைப்பதுண்டு. ஆயினும் 2024 ஆம் ஆண்டு நவம்பரிற் பெங்கல் புயலோடு வந்த மழை யாழ் மாவட்டத்தின் பல பகுதிகளை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது, தாழ்நிலத்தாருக்கு நீரின் வழி எதுவென்பது நினைவுக்கு வந்தது. நீர் தன் பழைய பாதையை மறப்பதில்லை. அதிலே மதிலும் வீடும் எழுப்பிய நாமே மறந்துபோனோம்.

இத்தகைய நீரைக் காணுங் கண் தமிழர்க்கு இல்லாதிருந்தது என்று சொல்ல முடியாது. நெய்தலைப் பாடிய சங்கப் புலவர்கள் கழியையும் கானலையும் கண்டலையும், உப்பு விளையும் பாத்தியையும், மீன் உணக்கும் மணலையும் எத்துணை நுட்பமாக அறிந்திருந்தனர் என்பது இலக்கிய மாணவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்த மொழி இது. சொல்லில் இருந்த அந்தக் கண் தூரிகைக்கு ஏன் வரவில்லை?

வந்த இடங்களும் உண்டு. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசலிற் சமணர் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைத் தடாகம் தீட்டப்பட்டிருக்கின்றது. மீனும் அன்னமும் எருமையும் யானையும் அதனுள் உண்டு. பூக்கொய்யும் மனிதரும் உண்டு. அந்த நீருக்கு அடிவானம் இல்லை. விதானம் முழுவதும் நீரே. காண்பவன் கரையில் நின்று பார்க்காமல் தடாகத்தினுள்ளேயே இருப்பவன் போலாகின்றான். நமது பழைய சித்திர மரபு நிலத்தை ஒரு சாளரத்தினூடே நோக்கியதில்லை. வெளியே நின்று, தூரத்தை அளந்து, அடிவானக் கோட்டைக் கீறி, ஒளியையும் நிழலையும் பிரித்துத் தீட்டும் நிலக்காட்சி ஓவியம் நம்மிடம் ஐரோப்பியர் வழியாக, பெரும்பாலும் பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தது. அது மலையையும் ஆற்றையும் தன்னோடு கொண்டுவந்தது. சீனரும் நிலக்காட்சி ஓவியத்துக்கு ‘மலைநீர்’ என்று பொருள்படும் பெயரையே வழங்குகின்றனர். உலகின் இரு பெரும் மரபுகளும் மலையை வேண்டி நிற்க, மலையற்ற நாட்டார் என் செய்வது?

இவ்வினாவிற்கு விடை கண்ட ஒரு மக்கள் கூட்டம் உண்டு. அவர்களே யாழ்ப்பாணத்தை 1658 முதல் ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆண்டவர்கள் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. ஒல்லாந்து மலையற்ற நாடு. கடலினின்று மீட்ட நிலமும் வாய்க்காலும் சதுப்புமாகக் கிடப்பது. பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டு ஓவியர்கள் தம் நாட்டில் இல்லாத மலையைத் தேடி அலைவதை விட்டு, இருந்த தட்டை நிலத்தையே எதிர்கொண்டனர். அடிவானத்தைத் தாழ்த்தினர், படத்தின் மூன்றில் இரண்டு பங்கை வானத்துக்குக் கொடுத்தனர். முகிலின் நிழல் வயலில் ஓடுவதும், மங்கலான நீரில் ஒரு படகு நிற்பதும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. லெய்டன் நகரிற் பிறந்த யான் வான் கோயன் பழுப்பும் சாம்பலுமான ஓரிரு நிறங்களாலேயே ஆற்றங்கரைகளைத் தீட்டினார். ஹார்லெம் நகரத்து யாக்கோப் வான் ரூயிஸ்டாலின் ஹார்லெம் காட்சிகளில் ஊர் ஒரு மெல்லிய கோடாக இருக்க, வானமே கதையை நடத்துகின்றது.

இப்பெயர்களை நம் தீவுப்பகுதி மாணவர் அந்நியமாகக் கொள்ளவேண்டியதில்லை. ஒல்லாந்தர் தம் ஊர்ப் பெயர்களை நம் தீவுகளுக்கு இட்டனர்: வேலணை அவர்களுக்கு லெய்டன், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு அம்ஸ்ரடாம், நெடுந்தீவின் டெல்வ்ற் என்னும் பெயர் இன்றும் வழக்கிலுள்ளது. அந்த டெல்வ்ற் நகரில் 1632 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இரு குழந்தைகளுக்கு ஒரு கிழமை இடைவெளியில் ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. ஒருவர் பிலிப்பஸ் பால்டேயஸ். யாழ்ப்பாணத்திற் போதகராயிருந்து, 1672 இல் அம்ஸ்ரடாமில் அச்சான தமது பெருநூலில் நம் கோயிற்பற்றுக்களையும் கோட்டையையும் செப்புத்தகட்டுச் சித்திரங்களாக வெளியிட்டவர். மற்றவர் யொஹான்னஸ் வெர்மேயர். பால்டேயஸ் இங்கே ஆலயங்களைக் கணக்கெடுத்திருந்த ஆண்டுகளிலேதான் வெர்மேயர் தம் நகரை நீருக்கப்பால் நின்று நோக்கித் தீட்டினார். ஒரே ஊரின் இரு பிள்ளைகள். ஒருவர் படம் பிறந்த ஊரின் ஒளியைக் காட்டிற்று, மற்றவர் படம் ஆளவந்த நாட்டின் உடைமையைக் காட்டிற்று. நமக்குக் கிடைத்தது இரண்டாவது. ஒல்லாந்தர் விட்டுச் சென்றவற்றுள் கோட்டையும் தோம்பும் நிலைத்தன. தட்டை நிலத்தைப் பார்க்கும் வித்தை நம் கைக்கு வரவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் வந்த சித்திரக் கல்வியைப் பற்றி விரிவாகக் கூற இடமில்லை. கொழும்பில் சித்திர வித்தியாதரிசியாயிருந்த சி. எவ். வின்சரின் செல்வாக்கு தெற்கே 1943 இற் தோன்றிய ‘43 குழு’வுக்கு வழிகோலிற்று. வடக்கே அவர் பெயரால் 1938 இல் எஸ். ஆர். கனகசபை முன்னின்று தொடங்கிய வின்சர் ஓவியக் கழகம் ஆசிரியர்களை ஒன்றுசேர்த்தது. பின்னர் பெனடிக்ற், மாற்கு முதலியோர் ஈடுபட்ட விடுமுறைக்கால ஓவியர் கழகம் வந்தது. ஆசிரியத் தொழிலின் ஓய்வுநாள்களில் வளர்ந்த கலை இது என்பதை அக்கழகத்தின் பெயரே சொல்லும். அச்சுவேலியிற் பிறந்து 2020 இல் மறைந்த ஆசை இராசையா இயற்கைக் காட்சியைக் கண்ணுக்கு நேர்மையாகத் தீட்டியவர். குருநகரிற் பிறந்த மாற்குவோ கோட்டின் வலிமையாலும் உருவத்தைச் சிதைத்துக் கட்டும் துணிவாலும் பல மாணவரைத் திருப்பியவர். 1995 இடப்பெயர்விலே தம் படைப்புக்களிற் பலவற்றை இழந்து, 2000 இல் மறைந்தார். அவ்விழப்பு ஒருவருடையது மட்டுமன்று. நம் நிலத்தை நம் கண்ணால் நோக்கிய பழைய படங்களை ஒருங்கே காட்டும் பொதுக் காட்சிச்சாலை இல்லாத நிலையில், ஒரு வீடு அழிந்தாற் கலை வரலாற்றின் ஓர் அதிகாரமே அழிகின்றது.

போருக்குப்பின் யாழ்ப்பாணத்து ஓவியம் உடலையும் வீட்டையும் நோக்கித் திரும்பியது இயல்பே. பல்கலைக்கழகத்திற் கலைவரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட ‘நிறைவுறாத தோம்பு’ என்று பொருள்படும் பெயருடைய நூல், இடம்பெயர்ந்தோர் நினைவிலிருந்து வரைந்த வீட்டுத் தளப்படங்களைக் கொண்டது. ஒல்லாந்தர் வரிக்காக எழுதிய தோம்பை, இழந்தவரின் தோம்பாகத் திருப்பி எழுதிய அரிய முயற்சி அது. வீட்டுக்கு அது கிடைத்தது. நீர்க்கரைக்கு அத்தகைய தோம்பு இன்னும் வேண்டியிருக்கின்றது.

ஏனெனில் இக்கரைகள் வெறும் அழகிய காட்சிகளாக இனி இருக்க முடியாதவை. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் அடைபட்டபோது, கிளாலியிலிருந்து இரவிரவாகப் படகேறிக் கடனீரேரியைக் கடந்தவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். கடக்க முயன்று அந்நீரிலே கொல்லப்பட்டோரும் உளர். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த மக்கள் வெள்ளத்தின் இருமருங்கும் இதே நீரும் தரவையும் கிடந்தன. அந்தச் செம்மணி வெளியில் 1999 இற் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் வெளிவந்தன. அதனருகே சித்துப்பாத்தி மயானத்தில் 2025 இல் நடைபெற்ற அகழ்வுகளில் 200 க்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் இனங்காணப்பட்டன. குழந்தைகளுடையனவும் அவற்றுள் உண்டு. செம்மணியின் மாலைச் செவ்வானத்தை ஓர் ஓவியன் தீட்டலாம்; தீட்டவும் வேண்டும். கீழே கிடக்கும் மண்ணை என்ன நிறத்தில் எழுதுவது என்பது அவனுக்கு எளிதான வினாவாக இராது.

இனி, இன்றைய தீர்மானங்களுக்கு வருவோம். பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னுந் திட்டம் பலரும் அறிந்தது. ஆனையிறவு ஏரியிற் கடலை மறித்து, கனகராயன் ஆறு கொணரும் மழைநீரைத் தேக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி ஏரிக்குக் கொண்டுவந்து, உவர்நீரை நன்னீராக்குவது அதன் நோக்கம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன, முழுத்திட்டமும் நிறைவேறவில்லை. பின்னர் இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் யோசனை கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பைச் சந்தித்தது. ஈற்றில், தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டிற் திறந்துவைக்கப்பட்டது. மறுபுறம், 2021 இற் பூநகரிக் கௌதாரிமுனையிற் சீனத் தொடர்புடைய கடலட்டைப் பண்ணை கிளப்பிய சர்ச்சையின்பின், கடனீரேரியின் ஆழமற்ற பரப்பை வேலியிட்டுப் பண்ணையாக்குதல் யாருக்கு நன்மை என்னும் வாதம் ஓயவில்லை. களங்கண்ணி வலை கட்டியும் இறால் பிடித்தும் வாழ்வோர் ஒருபுறம் முறையிட, தாமே பண்ணை வைத்துப் பிழைக்கும் உள்ளூர் மீனவரும் இருக்கின்றனர். இதிலே ஒருபக்கத் தீர்ப்பு எழுதுவது எளிதன்று.

ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். இத்திட்டங்கள் யாவற்றுக்கும் முன்னால் ஒரு படம் இருக்கின்றது. பொறியியலாளரின் வரைபடத்தில் ஏரி ஒரே நீலம். பண்ணை கேட்பவரின் வரைபடத்தில் அது சதுரம் சதுரமான கட்டங்கள். காணிக் கந்தோரின் கோப்பிலே தரவை ‘தரிசு’. இவை பொய்ப் படங்கள் அல்ல. ஆனால் மாடு மேய்க்கும் பிள்ளையும், முழங்காலளவு நீரில் வலை இழுக்கும் பெண்ணும், நீர் வற்றும் மாதமும் இவற்றில் இல்லை. மேசையில் விரிக்கப்படும் படங்கள் இவை மட்டுமே என்றால், தீர்மானமும் இவற்றைப் போன்றதாகவே இருக்கும்.

ஓவியம் எழுதினால் அரசாங்கம் மனம் மாறிவிடுமோ என்று கேட்கலாம். ஒரு படம் ஒரு கோப்பை மாற்றுமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பல படங்கள் ஒரு நாட்டின் கண்ணை மாற்றியதற்குச் சான்று உண்டு; அதுவும் நம்மவர் பெருந்தொகையாய் வாழும் ரொறன்ரோவிலேயே உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு கனடாவின் வடபகுதிப் பாறைக் கரைகளும் வளைந்த பைன் மரங்களும் ஓவியத்துக்கு ஆகாத முரட்டு நிலமென்றே கருதப்பட்டன. ரொம் தொம்சன் சிறு மரப்பலகைகளுடன் அல்கொங்குவின் காட்டு ஏரிகளுக்குச் சென்று, குளிரிலும் காற்றிலும் நின்று தீட்டினார். 1917 இல் அவ்வேரிகளுள் ஒன்றிலேயே இறந்தார். அவருடைய தோழர்கள் 1920 இல் ‘எழுவர் குழு’ என்னும் பெயரில் முதற் கண்காட்சியை நடத்தினர். சுப்பீரியர் ஏரியின் கரடுமுரடான கரையும் ஜோர்ஜியன் குடாவின் புயலும் அவர்களாலே கனடியர்க்குச் சொந்தமாயின. இன்று அங்கு பிறக்கும் நம் பேரப்பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் அப்படங்களைக் கண்டு அந்நாட்டைத் தமதாக்கிக்கொள்கின்றனர்.

அந்த எழுவரின்மேல் பிற்காலத்தார் வைத்த குற்றச்சாட்டு ஒன்றுண்டு; நம்மவர் அதனை உற்று நோக்கவேண்டும். அவர்களின் ஏரிக்கரைகளிற் பெரும்பாலும் ஆளில்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அக்கரைகளில் மீன்பிடித்து வாழ்ந்த ஆதிக்குடிகளை அப்படங்கள் காணாதொழிந்தன. வெற்று நிலமென்று எழுதப்பட்ட அழகு, வெற்று நிலமென்று எழுதப்பட்ட சட்டத்துக்குத் துணையாயிற்று என்பது ஆராய்ச்சியாளர் கூற்று. கடனீரேரியைத் தீட்டப் புறப்படும் நம் இளைஞரும் பூநாரைக் கூட்டத்தையும் அந்தியொளியையும் மட்டும் எழுதி, தோணியை ஓர் அலங்காரமாக மூலையில் வைத்தால் அதே பிழைதான் நேரும். களங்கண்ணியின் தடிகள் எந்த ஒழுங்கில் நாட்டப்படுகின்றன, எதற்காக அவ்வாறு நாட்டப்படுகின்றன என்று அறியாதவன் அவற்றைச் சரியாகக் கீறவும் முடியாது. கரையாரிடம் கேட்டறிதல் ஓவியப் பயிற்சியின் ஒரு கூறு.

ஆசிரியர்கள் இதற்குப் பெரும் பொருள் தேடவேண்டியதில்லை. சித்திர பாடத்தின் இரண்டு மணித்தியாலத்தை வகுப்பறைக்கு வெளியே நடத்தினாற் போதும். தொழில்நுட்ப இடர்களும் உண்டு. அவற்றைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதலாம். நண்பகலில் நம் வெளிச்சம் நிறத்தையெல்லாம் உண்டுவிடும்; காலை 7 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்புமே சேற்றின் செம்மையும் நீரின் பச்சையும் பிரிந்து தெரியும். குத்தென எழும் உருவங்கள் அரிது: ஒரு பனை, ஒரு கோயிற் கோபுரம், ஒரு கொக்கு. படம் முழுவதும் கிடையான கோடுகளாலேயே கட்டப்படவேண்டும். மலையடிவாரத்து ஆற்றை மனப்பாடமாக வரையும் பிள்ளைக்கு முதல் நாள் இது சலிப்பூட்டும். மூன்றாம் நாள் அப்பிள்ளை, ‘ஐயா, நேற்று இருந்த இடத்தில் இன்றைக்குத் தண்ணி இல்லை’ என்று சொல்லும். அப்போது பாடம் தொடங்கிவிட்டது.

எங்கே கொண்டுபோவது என்று கேட்கும் ஆசிரியருக்குக் கல்லுண்டாய் வெளியைச் சொல்வேன். யாழ் நகரிலிருந்து அராலிக்குச் செல்லும் வழியிலே, வழுக்கையாறு கடனீரேரியைச் சேரும் இடத்துக்கு அருகில், வானமும் தரவையுமாக விரிந்து கிடக்கும் நிலம் அது. ஒல்லாந்து ஓவியனொருவன் கண்டிருந்தால் அங்கேயே கூடாரம் அடித்திருப்பான். நகரத்துக் குப்பையைக் கொட்டுவதற்கு நாம் தெரிந்தெடுத்த இடமும் அதுவே. மாரி தொடங்கும் முன் ஒரு நாளும், நீர் நிறைந்தபின் ஒரு நாளுமாகப் பிள்ளைகளை அங்கே இருத்தி, கண்ணிற் படுவன எல்லாவற்றையும் எழுதச் சொல்லலாம். நிறப்பெட்டியில் நீலம் மிகக் குறைவாகவே செலவாகும். மண்ணிறமும் சாம்பலும் காவியும் கூடுதலாக வேண்டும். குப்பை மேட்டுக்கு என்ன நிறம் என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.